மண்ணடுக்கின் சாட்சியம்

பஞ்சாபில் பணி புரியும் தமிழ் அன்பர்களுள் சிலர் அஜ்னாலா என்னும் ஊரை அறிந்திருக்கக்கூடும். அமிர்தசரஸுக்கு வடமேற்கே, ராவி ஆற்றை நோக்கிச் செல்லும் வழியில், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. அவ்வூரில் ஒரு பழங்கிணறு. 2014-ஆம் ஆண்டில் அதைத் தோண்டியபோது மனித எலும்புகள் ஏராளமாக வெளிப்பட்டன. அவை யாருடையவை, எந்தக் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தன என்னும் வினாவுக்கு உறுதியான விடை கிடைக்க எட்டு ஆண்டுகள் பிடித்தன. தோண்டிய முறை வேறாக இருந்திருக்குமானால், அந்த வினாவின் ஒரு பாதிக்காவது சில நாட்களிலேயே விடை கிடைத்திருக்கும் என்று நான் கருதுகிறேன். அவ்வாறு கருதுவதற்குரிய காரணத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் தொல்பொருள் அறிஞன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். ஆயினும் நாள்தோறும் ஆவணங்களோடு பழகுகிறவனுக்கு இந்தத் துறை அந்நியமாகத் தோன்றாது. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உடல்களை நீதியின் பொருட்டுத் தோண்டி எடுத்து ஆராயும் கலையைத் தடய அகழாய்வு என்று இந்நாளில் வழங்குகிறோம். அக்கலை முழுக்க முழுக்க ஆவணத்தை நம்பி நிற்பது. தோண்டுகிறவரின் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், அவருடைய குறிப்பேடு காலியாக இருந்தால் அத்திறமையால் யாருக்கும் பயனில்லை.

முதலில் அஜ்னாலாவின் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1857-ஆம் ஆண்டு மே மாதத்தில், லாகூரை அடுத்த மியான் மீர் பாளையத்தில் இருந்த 26-ஆவது வங்காளக் காலாட்படையின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஜூலை 30-ஆம் நாள் அப்படையினர் கிளர்ந்தெழுந்தனர். மேஜர் ஸ்பென்சர் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். கையில் ஆயுதமின்றி ராவிக் கரையோரமாகத் தப்பியோடிய சிப்பாய்களில் பலர் ஆற்றோடு போயினர், சுடப்பட்டும் மாண்டனர். எஞ்சியவர்களில் 282 பேர் சிறைபிடிக்கப்பட்டு அஜ்னாலாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அமிர்தசரஸ் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்த பிரெடரிக் கூப்பர் என்பவர், ஆகஸ்டு 1-ஆம் நாள், விசாரணை ஏதுமின்றி அவர்களைப் பத்துப் பத்துப் பேராக வெளியே அழைத்துச் சுடச் செய்தார். 237 பேர் அவ்வாறு மாண்டனர். மீதமிருந்தவர்கள் வெளியே வராதது கண்டு கதவைத் திறந்தபோது, காற்றில்லாத சிற்றறையில் 45 பேர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர். எல்லா உடல்களும் அருகிலிருந்த வறண்ட கிணறு ஒன்றில் எறியப்பட்டன. இவற்றையெல்லாம் எவரும் துப்பறிந்து வெளிப்படுத்தவில்லை. கூப்பரே 1858-இல் ஒரு நூல் எழுதி, சற்றும் கூச்சமின்றித் தெரிவித்திருக்கிறார்.

பின்னாளில் அந்த இடத்தின்மேல் ஒரு குருத்துவாரா எழுந்தது. 2014 பிப்ரவரி இறுதியில், குருத்துவாரா நிர்வாகத்தினரும் ஊர் மக்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் கூடி, கிணற்றைத் தோண்டினர். அவர்களுடைய எண்ணம் தூயது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிணற்றடியில் கிடந்தவர்களுக்கு உரிய மரியாதை செய்ய வேண்டும் என்று விரும்பினார்கள். அரசு செய்யாததைத் தங்கள் கையாலேயே செய்தார்கள். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற அகழாய்வாளர் பொறுப்பேற்று நிற்கவில்லை. எலும்புகள் உடைந்தன, ஒருவருடையது மற்றொருவருடையதோடு கலந்தது, நாணயங்களும் பதக்கங்களும் வெளியே வந்தன, எது எந்த ஆழத்தில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்ற குறிப்பு எழுதப்படவில்லை.

உடனே ஐயம் கிளம்பிற்று. இவை 1857-இல் மாண்ட சிப்பாய்களின் எலும்புகள் என்றனர் சிலர். 1947-இல், தேசப் பிரிவினையின்போது நடந்த கலவரங்களில் மாண்டவர்களாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டனர் வேறு சிலர். அமிர்தசரஸ் வட்டாரத்தில் அந்தக் கேள்வியை அற்பமானதென்று தள்ளிவிட முடியாது. இரண்டுக்கும் இடையே 90 ஆண்டுகள். கொன்றவர் வேறு, மாண்டவர் வேறு, இன்று கண்ணீர் விட வேண்டிய குடும்பங்களும் வேறு.

இந்த இடத்தில்தான் மண்ணடுக்கு என்பதன் பொருள் விளங்குகிறது. அரசாங்க அலுவலகத்தில் பணியாற்றுகிறவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மேசைமேல் குவிந்து கிடக்கும் தாள்களில் அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. நடுவே நாள் குறிப்பிடாத கடிதம் ஒன்று அகப்பட்டால், அதற்கு மேலும் கீழும் உள்ள கடிதங்களின் தேதியைப் பார்த்து அதன் காலத்தை ஊகித்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் குவியலைக் கலைத்து, தட்டிச் சீராக அடுக்கி வைத்துவிட்டால் எல்லாத் தாள்களும் இருக்கும், ஒன்றும் தொலைந்திராது, ஆனால் நாள் குறிப்பிடாத கடிதம் அநாதையாகிவிடும்.

கிணறும் அப்படித்தான். உடல்களை எறிந்து உடனே மண்ணிட்டு மூடியிருந்தால், மண் ஒரே நிறமாக, ஒரே கலவையாக இருக்கும். சில ஆண்டுகள் திறந்து கிடந்திருந்தால், மழைநீர் கொண்டுவந்து படியவிட்ட மெல்லிய வண்டல் வரிவரியாகத் தெரியும். பிற்காலத்தில் எவராவது மீண்டும் தோண்டி வேறு உடல்களைப் போட்டிருந்தால், பழைய மண்ணை வெட்டிய விளிம்பு ஒரு கோடாக நிற்கும். கிணற்றில் கிடைத்த நாணயம் எந்த ஆண்டினது என்று கேட்பதோடு நின்றால் போதாது. 1862 முதல் கம்பெனியின் பெயர் நீங்கி, அரசியின் பெயரால் புது நாணயங்கள் வெளிவந்தன. அத்தகைய 1862-ஆம் ஆண்டு நாணயம் ஒன்று எலும்புகளின் மேலே, மூடிய மண்ணில் கிடந்தால் அதனால் ஒரு சிக்கலும் இல்லை. பின்னால் வந்த எவரோ தவறவிட்டது என்று கொள்ளலாம். அதே நாணயம் எலும்புகளுக்கு அடியில், கலையாத மண்ணில் கிடந்தால் கதை முழுவதும் மாறிவிடும். அந்த எலும்புகள் 1857-க்கு உரியனவாக இருக்கவே முடியாது. நாணயம் ஒன்றே, அது சொல்லும் சாட்சியம் அது கிடந்த இடத்தைப் பொறுத்தது. கையில் எடுத்துத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்ட நாணயத்தினிடம் இக்கேள்வியைக் கேட்க இயலாது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. சுடப்பட்ட 237 பேருக்குப் பிறகே மூச்சுத் திணறி இறந்த 45 பேரின் உடல்கள் வெளியே இழுத்து வரப்பட்டன என்று கூப்பரின் கூற்றிலிருந்து தெரிகிறது. அப்படியானால் கிணற்றில் அவர்கள் மேலடுக்கில் கிடந்திருக்க வேண்டும். அவர்களுடைய எலும்புகளில் குண்டு பாய்ந்த காயம் இருந்திராது. கவனமாகத் தோண்டியிருந்தால் கூப்பரின் வாக்குமூலத்தை மண்ணே சரிபார்த்திருக்கும். ஒருவேளை பொய்யென்று காட்டியும் இருக்கும்.

கவனமாகத் தோண்டுவது என்றால் என்ன? முதலில் நிலத்தில் அசையாத ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதிலிருந்தே எல்லா உயரங்களையும் ஆழங்களையும் அளக்கிறார்கள். முளை அடித்து நூல் கட்டி நிலத்தைச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். பிறகு மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கொத்தனார் வைத்திருப்பதைப் போன்ற சிறு கரணையால் மண்ணைச் சுரண்டுகிறார்கள். நிறம் மாறினாலும், கைக்குத் தட்டுப்படும் பதம் மாறினாலும், கரியோ சுண்ணாம்போ ஓடோ தலைகாட்டினாலும் வேலை நிற்கிறது. புதிய அடுக்குக்குப் புதிய எண் கொடுக்கப்படுகிறது. அதன் நிறத்தை அவரவர் மனம்போனபடி பழுப்பு என்றோ செம்மை என்றோ எழுதிவிடக் கூடாது. நிற அட்டைகளோடு ஒப்பிட்டு அதற்குரிய குறியீட்டையே எழுத வேண்டும். ஒருவருடைய பழுப்பு இன்னொருவருடைய செம்மை ஆகலாம் அல்லவா? அடுக்கின் எல்லை கூர்மையாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்றும் குறிக்கிறார்கள். அளவுகோலும் வடதிசை காட்டும் அம்புக்குறியும் அருகில் வைத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். அகழ்குழியின் சுவரைச் செங்குத்தாகச் சீவி, அதில் தெரியும் கோடுகளைக் கட்டத்தாளில் வரைகிறார்கள். அள்ளிய மண்ணைச் சல்லடையில் சலித்து, அகப்பட்ட பொத்தானுக்கும் பல்லுக்கும் தனித்தனிப் பை, எண், நாள், கையொப்பம் இடுகிறார்கள். அந்தப் பை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்கும் ஏடு உண்டு. நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

ஒரு மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. எண் கொடுக்கப்படுவது மண்ணுக்கு மட்டுமன்று. ஒருவன் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டுகிறான்; பிறகு அதை மண்ணால் நிரப்புகிறான். நிரப்பிய மண்ணுக்கு ஓர் எண். வெட்டப்பட்ட அந்தக் குழிக்கும், அதாவது அங்கிருந்து நீக்கப்பட்ட வெறுமைக்கும், தனியாக ஓர் எண். வெட்டியது ஒரு செயல், நிரப்பியது வேறொரு செயல். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரம் கழிந்ததா, ஒரு மாதம் கழிந்ததா என்பது கொலை வழக்கில் தூக்குக் கயிற்றின் நீளத்தை நிர்ணயிக்கும். கொல்வதற்கு முன்பே குழி வெட்டி வைத்தவன் திட்டமிட்டவன் அல்லவா? இப்படிப் பிறக்கும் நூற்றுக்கணக்கான எண்களை, எது முந்தியது எது பிந்தியது என்று ஒரு குடிவழிப் பட்டியல் போல வரைந்து காட்டும் முறையை 1973-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஹாரிஸ் என்பவர் வகுத்தார். உலகெங்கும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

நம் நாட்டுக்கு மண்ணடுக்கின் அருமையை வற்புறுத்தி உணர்த்தியவர் மார்ட்டிமர் வீலர். 1944-இல் தொல்பொருள் துறையின் தலைமை இயக்குநராக வந்தவர், அவ்வாண்டே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி இளம் இந்திய அறிஞர்களுக்கு அகழும் முறையைக் கற்பித்தார். மறு ஆண்டில் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அவர் தோண்டியது தமிழர் அனைவரும் அறிந்தது. இத்தாலியில் செய்யப்பட்ட, காலம் தெரிந்த மட்பாண்டங்கள் அங்கே உள்ளூர்ப் பானை ஓடுகளோடு ஒரே அடுக்கில் கிடைத்தன. அதனால் அதுவரை காலம் தெரியாதிருந்த தென்னாட்டுப் பானை ஓடுகளுக்குக் காலம் கிடைத்தது. அடுக்குகளைப் பிரித்துக் குறித்திராவிட்டால் இரண்டும் வெறும் ஓட்டுக் குவியலே.

அத்தகைய வீலரே வேறோர் இடத்தில் இடறினார் என்பது இத்துறையின் வரலாற்றில் ஒரு விசித்திரம். மொகஞ்சதாரோவில் 1920-களிலும் 1931 வரையிலும் நடந்த அகழாய்வுகளில், தெருக்களிலும் அறைகளிலும் முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்திருந்தன. அக்காலத்தில் பொருள்களை மண்ணடுக்கைக் கொண்டு குறிக்கவில்லை. நிலையான ஒரு மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று மட்டுமே குறித்தார்கள். மேடு பள்ளமான ஊரில் ஒரே ஆழத்தில் கிடப்பவை ஒரே காலத்தவை ஆகா. இக்குறையை வீலரே கடுமையாகக் கண்டித்தவர். ஆயினும் அந்த எலும்புக்கூடுகளை நகரத்தின் கடைசி நாளில் நடந்த படுகொலையின் சான்றாகக் கொண்டு, 1947-இல் வேதகாலத்து இந்திரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஆரியப் படையெடுப்பால் சிந்துவெளி அழிந்தது என்ற அந்தச் சித்திரம் பாடப் புத்தகங்களிலும் மேடைகளிலும் எவ்வளவு தூரம் பரவிற்று என்பதைத் தமிழ்நாட்டில் படித்த என் தலைமுறையினருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1964-இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் டேல்ஸ் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அந்த எலும்புக்கூடுகள் அனைத்தும் ஒரே காலத்தவை என்பதற்கோ, நகரத்தின் இறுதி அடுக்கைச் சேர்ந்தவை என்பதற்கோ ஆதாரமில்லை என்று அவர் காட்டினார். பாழடைந்த வீடுகளில் பிற்காலத்தார் புதைத்துச் சென்றவையும் அவற்றில் இருந்தன. பிறகு கென்னத் கென்னடி என்ற எலும்பியல் அறிஞர் ஆராய்ந்தபோது, சாவுக்குக் காரணமாகியிருக்கக்கூடிய காயம் ஓரிருவரிடம் மட்டுமே காணப்பட்டது. ஆரியர் வந்தனரா, எப்போது, எவ்வாறு வந்தனர் என்பது வேறு ஆராய்ச்சி. அதை இங்கே நான் தொடவில்லை. படுகொலை என்ற குற்றச்சாட்டு நின்றது எலும்புகளின்மேல் மட்டுமே. அவை எந்த அடுக்கில் கிடந்தன என்ற ஒரு வரி முதலிலேயே எழுதப்பட்டிருந்தால், அந்த வழக்கு தொடுக்கப்பட்டிராது.

இவ்வரி எழுதப்பட்டதால் நிலைபெற்ற வழக்கு ஒன்றும் உண்டு. அது ஐரோப்பாவில், பொஸ்னியாவில் நிகழ்ந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊர் வீழ்ந்தபின் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டுப் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டனர். செய்தி வெளியே கசியத் தொடங்கியதும், அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், கொன்றவர்களே யந்திரங்களைக் கொண்டு அக்குழிகளைத் தோண்டி, உடல்களை அள்ளி, தொலைவில் வேறு குழிகளில் கொட்டி மறைத்தனர். ஓர் உடலின் பகுதிகள் இரண்டு மூன்று குழிகளில் சிதறின. சர்வதேச நீதிமன்றத்தின் சார்பில் அகழாய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேராசிரியர் ரிச்சர்ட் ரைட்.

அவரும் அவருடைய குழுவினரும் உடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. உடல்களோடு ஒட்டி வந்த அயல் மண்ணையும் பார்த்தனர். கோஸ்லுக் என்னும் இடத்தில் பாட்டில் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி கொட்டப்பட்ட நிலத்தில் முதற்குழி இருந்தது. அங்கிருந்து தொலைவில், சாஞ்சாரி சாலையோரக் குழியொன்றில், கண்ணாடிக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத மண்ணில், அதே பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் பாட்டிலில் ஒட்டும் காகிதச் சீட்டுகளும் உடல்களோடு கிடந்தன. முதற்குழியின் மண், அதிலிருந்த மகரந்தத் துகள்கள், உடல்களின் கண்ணைக் கட்டியிருந்த துணி, கையைக் கட்டியிருந்த கயிறு ஆகியவை இரண்டாம் குழியிலும் காணப்பட்டு, எங்கிருந்து எங்கே கொண்டுபோகப்பட்டன என்று உணர்த்தின. மறைக்கும் முயற்சி குற்றத்தை மறைக்கவில்லை. அது தானே ஓர் அடுக்காகப் படிந்து குற்றத்தின் அளவைக் காட்டிற்று. இச்சான்றுகள் ஜெனரல் க்ரிஸ்டிச் மீதான வழக்கில் வைக்கப்பட்டன. 2001-இல் அவர் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2004-இல் மேல்முறையீட்டில் அக்குற்றத்துக்கு உடந்தையாய் இருந்தவர் என்று தீர்ப்பு திருத்தப்பட்டு, 35 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நம் நாட்டில் புதைக்கப்பட்ட உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கச் செய்யும் அதிகாரத்தைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுக்கு அளித்திருக்கிறது. மண்ணை எவ்வாறு வெட்ட வேண்டும் என்பதைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. மருத்துவர் உடலைப் பார்ப்பார். காவலர் பஞ்சநாமா எழுதுவார். மண்ணைப் பார்ப்பதற்கென்று ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பொன்னும் சிலையும் கிடைக்கும் இடங்களுக்கு நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் சாமானிய மனிதன் புதையுண்ட குழிக்குக் காட்டலாம்.

அஜ்னாலாவில் அடுக்குகள் அழிந்தபின் எஞ்சியவை உடைந்த எலும்புகளும் பற்களுமே. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம், லக்னோவின் பீர்பல் சாஹ்னி ஆராய்ச்சி நிலையம், காசி இந்துப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் ஆகியவற்றின் அறிஞர்கள் கூடி அவற்றை ஆராய்ந்தனர். ஹைதராபாத் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் அவர்களுள் ஒருவர். அவர்கள் தேடிச் சென்றது வேறோர் அடுக்கு. மண்ணில் இல்லாமல் மனிதனின் வாயில் இருக்கும் அடுக்கு. பல்லின் மேற்பூச்சு குழந்தைப் பருவத்தில் ஒருமுறை உருவாகிறது, பிறகு மாறுவதில்லை. சிறுவயதில் குடித்த நீரின், உண்ட உணவின் அடையாளம் அதில் தங்கிவிடுகிறது. எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும், எத்தனை ஆண்டு வேற்றூர்த் தண்ணீரைக் குடித்தாலும் அது அழிவதில்லை. 85 மாதிரிகளில் இந்த இரசாயன அடையாளத்தையும், 50 மாதிரிகளில் தாய்வழி மரபணுவையும் ஆராய்ந்து 2022 ஏப்ரலில் முடிவை வெளியிட்டனர். மாண்டவர்கள் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள் அல்லர். கங்கைச் சமவெளியில், இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார், வங்காளம் ஆகிய பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். 26-ஆவது காலாட்படைக்கு ஆள் எடுக்கப்பட்டது அந்தப் பகுதிகளிலிருந்துதான். 1947-இல் மாண்டவர்கள் என்ற ஊகம் இதனால் வலுவிழந்தது.

பல் சொன்னது அவ்வளவே. எந்த மண்டையோடு எந்த உடலுக்கு உரியது, எவர் குண்டுபட்டு இறந்தார், எவர் காற்றின்றி இறந்தார், கிணறு ஒரே நாளில் மூடப்பட்டதா என்பவற்றைப் பல்லிடம் கேட்க வழியில்லை. கலந்துபோன எலும்புகளை எண்ணி, குறைந்தது இத்தனை பேர் என்று கணிக்க இயலுமேயன்றி, சரியாக இத்தனை பேர் என்று கூற இயலாது. 282 என்ற எண்ணுக்கு நாம் இன்றும் கூப்பரின் நூலையே புரட்டிக்கொண்டிருக்கிறோம்.